கோணமானிக்கு அகப்படாத மலை

பனிச்சறுக்குத் தடங்களுக்கு நிறம் கொடுக்கும் வேலையை மனிதர்களிடமிருந்து பிடுங்கி, கருவிகளிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்ற கருத்து இப்போது பரவலாகிவிட்டது. சொல்பவர்கள் கெட்டிக்காரர்கள். வாதமும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஒரு மலையில் நீலம் என்று எழுதியிருக்கும் தடம் இன்னொரு மலையில் கறுப்பாக இருக்கிறது. அமெரிக்காவில் பச்சை, நீலம், கறுப்பு. ஆல்ப்ஸுக்கு வந்தால் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே சிவப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு, அவ்வளவுதான். எந்தத் தடத்துக்கு எந்த நிறம் என்று தீர்மானிப்பதோ பெரும்பாலும் அந்த மலையில் டிக்கெட் விற்கும் கம்பெனியேதான். இன்றைக்கு விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி மலையை முழம் முழமாக அளந்துவிடலாம். அப்படியிருக்க, சாய்வின் கோணத்தைக் கணினியில் கணக்கிட்டு உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோலில் நிறம் தீட்டிவிட்டால் குழப்பம் தீரும், விபத்தும் குறையும் என்கிறார்கள்.

குழப்பம் கூடும், விபத்து குறையாது என்பது என் கட்சி. கோணம் மலையின் குணம். கடினம் என்பது மலைக்கும் அதில் இறங்குகிற ஆளுக்கும் இடையே நடக்கும் விவகாரம். ஆபத்து இந்த இரண்டோடும் ஒட்டாமல் தனியே நிற்கும் சமாச்சாரம். மூன்றையும் ஒரே நிறத்துக்குள் திணித்துவிட்டு, அதற்குத் துல்லியம் என்று பெயர் வைக்கிறார்கள்.

முதலில், கோணத்தை வைத்து நிறம் கொடுப்பது புது யோசனை ஒன்றும் இல்லை. ஆஸ்திரியா, ஜெர்மனி தரநிலைகளில் அது எப்போதோ ஏறிவிட்டது. நீலத் தடத்தின் சாய்வு 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சிவப்பு 40 வரை போகலாம். அதற்கு மேல் கறுப்பு. (சதவீதம் என்பது, கிடைமட்டமாக நூறு மீட்டர் முன்னே போகையில் எத்தனை மீட்டர் கீழே இறங்குகிறோம் என்பதுதான். 25 சதவீதம் ஏறத்தாழ 14 பாகை, 40 சதவீதம் ஏறத்தாழ 22 பாகை. 100 சதவீதம் என்றால் செங்குத்து என்று நினைப்பவர்கள் உண்டு. அது 45 பாகைதான்.) இவ்வளவு கறாரான விதியின் கடைசியில் ஒரு வால் தொங்குகிறது: திறந்தவெளியில் வரும் சின்னச் சின்னத் துண்டுகள் நீங்கலாக. சின்னது என்றால் எத்தனை மீட்டர்? இந்த இடம் திறந்தவெளி, அந்த இடம் இல்லை என்று சொல்வது யார்? அங்கே போய் நின்று பார்த்த ஓர் ஆள்தான். ஆளின் கண்ணை வெளியே தள்ளிவிட்டோம் என்று பெருமைப்படும் தரநிலையே, பின்வாசல் வழியாக அதை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறது. கூப்பிட்டதில் தப்பில்லை. கூப்பிடாமல் முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு பிரான்சின் ஆல்ப் துவேஸில் உள்ள சரேன் தடத்தைப் பார்க்கலாம். 3330 மீட்டர் உயரமுள்ள பிக் பிளான் உச்சியில் தொடங்கி, 16 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் 1800 மீட்டர் கீழே இறங்கும் தடம் அது. வரைபடத்தில் கறுப்பு. இறக்கத்தை நீளத்தால் வகுத்துப் பாருங்கள், சராசரி 11 சதவீதத்துச் சொச்சம். நீலத்தின் வரம்பில் பாதிகூட இல்லை. சராசரியை நம்பும் கணினி இதைக் கைக்குழந்தைகளின் தடம் என்று சொல்லிவிடும். சரி, சராசரி வேண்டாம், மிகச் செங்குத்தான இடத்தை எடுத்துக்கொள்வோம் என்றால் கறுப்பு வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கறுப்பும் பாதி உண்மைதான். மேல் பகுதியில் தொடை நடுங்க இறங்கியவர்கள், கீழ்ப் பள்ளத்தாக்குக்கு வந்ததும் சமதளத்தில் கம்பை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். முழுத் தடத்துக்கும் கறுப்பு என்று முடிவு செய்தவர், உள்ளே நுழைந்தவர் பாதியில் திரும்பி ஏற முடியாது, மோசமான இடத்தைக் கடந்தே ஆக வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்திருக்கிறார். அந்தக் கணக்கை எந்தக் கோணமானியும் போடாது.

இதைவிட எனக்குப் பிடித்த சான்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அங்கே லிஃப்ட் இல்லாத மலைகளில் தாங்களே ஏறி, தாங்களே சறுக்கி இறங்குகிறவர்களுக்காக சுவிஸ் ஆல்ப்ஸ் மன்றம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அதன் மிகக் கீழ்ப்படி, அதாவது எளிது என்பது, 30 பாகை வரை போகிறது. 30ஐத் தாண்டினால் சற்றே கடினம், 35இலிருந்து ஓரளவு கடினம், 40இலிருந்துதான் கடினம். 30 பாகை என்பது 58 சதவீதம்! லிஃப்ட் ஓடும் பக்கத்து மலையில் 40 சதவீதத்துக்கே கறுப்புப் பலகை நட்டுவிடுகிறார்கள். இப்படி ஒரே சாய்வு ஓர் ஏட்டில் நிபுணர்களுக்கு என்றும், இன்னோர் ஏட்டில் தொடக்கக்காரர்களுக்கு என்றும் பதிவாகிறது. இதில் எது பொய்? இரண்டும் இல்லை. ஒன்று, காலையில் வாடகைக்குச் சறுக்குப் பலகை வாங்கி மாட்டிக்கொண்டு வந்த குடும்பத்துக்காகப் போட்டது. மற்றது, முதுகில் மண்வாரியும் பனிக்கடியில் புதைந்தவரைத் தேடும் கருவியும் சுமந்து வருகிறவருக்காகப் போட்டது. அதிலும்கூட மன்றம் கோணத்தோடு நிற்கவில்லை. வழுக்கி விழுந்தால் எங்கே போய் நிற்போம், வழியில் பாறை உண்டா, இடுக்கு எவ்வளவு குறுகல் என்றெல்லாம் கேட்கிறது. உலகம் முழுவதற்கும் ஒரே எண் என்று கேட்பவர்கள், முதலில் இந்த ஒரு நாட்டுக்குள் இந்த இரண்டு அளவுகோல்களையும் ஒன்றாக்கிக் காட்டட்டும்.

கருவியின் கண்ணுக்குத் தப்பும் விஷயங்களும் இருக்கின்றன. வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோலில் கார்பெட்ஸ் கூலுவார் என்று பேர்போன ஒரு பாறை இடுக்கு உண்டு. அதன் கஷ்டம் முழுக்க வாசலில் இருக்கிறது. பனி விளிம்பிலிருந்து கீழே குதித்தால்தான் உள்ளே நுழையவே முடியும். குதித்து நின்றுவிட்டால், அதற்கப்புறம் செங்குத்தான இடுக்கு, அவ்வளவுதான். குதிக்க வேண்டிய உயரம் அந்த வருஷத்துப் பனியைப் பொறுத்தது. உலகம் முழுவதற்கும் கிடைக்கும் இலவசச் செயற்கைக்கோள் உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக வருகிறது. ஒரு கட்டத்துக்குள் இருக்கும் குதிப்பும் மேடும் சராசரியில் கரைந்து போய்விடும். லேசர் அளவீடு நுணுக்கமானது என்பார்கள். உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் கோடையில் வெறும் பாறையை அளந்தது. நாம் சறுக்குவது பாறையின் மேல் அல்ல, பாறையை மூடிக் கிடக்கும் ஒன்றின் மேல். அது நாளுக்கு நாள் மாறும்.

மாறுவது பற்றித்தான் இந்தத் துல்லியவாதிகள் வாயே திறப்பதில்லை. தெற்கு நோக்கிய ஒரு சிவப்புத் தடத்தை மார்ச் மாதத்தில் எடுத்துக்கொள்வோம். காலை எட்டரை மணிக்கு, முந்தைய நாள் உருகி இரவில் உறைந்த பனி கண்ணாடி போல் கிடக்கும். பலகையின் விளிம்பு அதில் பதியாது, கிறீச்சிடும். பதினோரு மணிக்கு மேல்பரப்பு அரை அங்குலம் இளகி, சறுக்குவதற்கு அதைப்போலச் சுகம் இல்லை என்னும்படி ஆகிவிடும். மூன்று மணிக்குக் கஞ்சி. முழங்கால் திருகிக்கொள்வது அப்போதுதான். கோணம் காலையிலிருந்து மாலைவரை ஒரு பாகைகூட மாறவில்லை. ஆஸ்திரியாவின் மயர்ஹோஃபனில் ஹாராகிரி என்ற தடத்தின் சாய்வு 78 சதவீதம். அதன்மேல் இரவோடிரவாக இயந்திரம் ஓட்டிப் பனியைச் சமப்படுத்துகிறார்கள். இயந்திரம் மேலேயிருந்து வரும் எஃகுக் கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் அங்கே வேலை செய்ய முடியும். இயந்திரம் வராத ஒரு வாரத்தில், அதில் பாதிச் சாய்வுள்ள வேறொரு தடம் ஆளுயர மேடுபள்ளமாகி ஹாராகிரியைவிடக் கடினமாகக்கூடும். தடத்துக்கு நிறம் கொடுக்கும் பழைய ஆள், இந்த வளைவில் வெயிலே படாது, எப்போதும் உறைந்துதான் கிடக்கும் என்பதைப் பல குளிர்காலங்களில் பார்த்தவர். அவர் கொடுக்கும் சிவப்பில் அந்தக் குளிர்காலங்கள் எல்லாம் அடக்கம். அதை அகநிலை என்று தள்ளிவிடுவது, அனுபவம் என்ற சொல்லுக்கு வேறு பெயர் வைத்து அவமானப்படுத்துவது.

சரி, ஊருக்கு ஊர் நிறம் வேறுபடுகிறதே, அது குறையில்லையா?

இல்லை. அது திட்டமிட்டே அப்படி அமைந்தது. வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்ற குறிகள் 1960களில் வந்தவை. மலை நடத்துவோரின் தேசியச் சங்கம் 1964இல் பச்சைச் சதுரம், மஞ்சள் முக்கோணம், நீல வட்டம், சிவப்பு வைரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் டிஸ்னி நிறுவனம் கலிஃபோர்னியாவின் மினரல் கிங் பள்ளத்தாக்கில் ஒரு பனிச்சறுக்கு ஊரே கட்டத் திட்டமிட்டு, எந்த வடிவத்தைப் பார்த்தால் மக்களுக்கு எளிது, கடினம் என்று தோன்றுகிறது என ஆராய்ந்தது. சங்கம் அதையே 1968இல் எடுத்துக்கொண்டது என்பது துறையினர் சொல்லும் வரலாறு. (டிஸ்னியின் ஊர் கட்டப்படவே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் அந்தப் பள்ளத்தாக்கு செக்கோயா தேசியப் பூங்காவோடு சேர்ந்துவிட்டது. ஊர் இல்லாமல் போய், அதன் பலகை மட்டும் உலகம் சுற்றுகிறது.) சங்கம் குறிகளைத்தான் பொதுவாக்கியது. எந்தத் தடத்துக்கு எந்தக் குறி என்பதை அந்தந்த மலையிடமே விட்டது. இந்த மலையில் உள்ளவற்றில் இது எளிது, இது நடுத்தரம், இது கடினம், அவ்வளவே. ஆந்திரா மெஸ்ஸில் காரம் கம்மியாகப் போடச் சொன்னால் வருவது வேறு, பாலக்காட்டு ஐயர் வீட்டில் காரம் கம்மி என்றால் வருவது வேறு. ஆனால் இலைமுன் உட்கார்ந்திருப்பவர் அந்த வேளைக்கு அந்த அடுக்களையில் உள்ளதில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சறுக்க வந்தவரும் அப்படியே. லிஃப்டிலிருந்து இறங்கி மூன்று தடங்கள் பிரியும் இடத்தில் நிற்பவருக்கு, இவற்றில் எனக்கு ஏற்றது எது என்பதுதான் கேள்வி. கொலராடோவின் நீலத்தையும் மிஷிகனின் நீலத்தையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுத அவர் வரவில்லை. ஒரே அளவுகோல் வந்தால் சின்ன மலை முழுவதும் பச்சையாகிவிடும், பெரிய மலை முழுவதும் கறுப்பாகிவிடும். எல்லாத் தடமும் ஒரே நிறத்தில் இருக்கும் வரைபடத்தால் யாருக்கு என்ன பயன்?

வடிவம் விஷயத்தில் மட்டும் துல்லியவாதிகளோடு சேர்ந்துகொள்கிறேன். ஐரோப்பாவில் பெரும்பாலும் நிறம் மட்டுமே உண்டு, வடிவம் கிடையாது. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத ஆண்கள் அங்கே நூற்றுக்கு ஏழெட்டுப் பேர். வட்டத்தையும் சதுரத்தையும் அமெரிக்காவிடம் கடன் வாங்கினால் ஐரோப்பாவின் மானம் போய்விடாது.

அவர்கள் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு: கம்பெனிகள் பொய் சொல்லும். சொல்லும்தான். தடங்களின் மொத்த நீளத்தைப் பல இடங்கள் ஊதிப் பெருக்கி விளம்பரம் செய்திருப்பதை ஜெர்மன் நிபுணர் கிறிஸ்டோஃப் ஷ்ராஹே 2013இல் அளந்து காட்டினார். பெரிய சங்கடமாகிப்போனது. நீளத்தில் கைவைப்பவர்கள், குடும்பங்களை இழுக்க ஒரு சிவப்பை நீலமாக்க மாட்டார்களா என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் நீளப் பொய் பிடிபட்டதற்குக் காரணம், நீளம் அளக்கக்கூடிய பொருள் என்பதே. கோணமும் அப்படித்தான். எனவே கோணத்தைத் தனியே அச்சிடுங்கள். தடத்தின் மிகச் செங்குத்தான இடத்தின் பாகை, மிகக் குறுகலான இடத்தின் அகலம், காலையில் இயந்திரம் ஓடியதா இல்லையா, இவற்றையெல்லாம் தடத்தின் தலைவாசலில் எழுதி வைக்கச் சொல்லிச் சட்டமே போடலாம். நானும் கையெழுத்துப் போடுகிறேன். தகவலைக் கொடுங்கள் என்பது வேறு, தகவலே தீர்ப்பு என்பது வேறு.

இனி ஆபத்துக்கு வருவோம். சூரிச்சிலும் பேர்னிலும் வாழும் ஈழத்தமிழ்ப் பெற்றோர் பலர் வளர்ந்து ஆளான பிறகே பனியைக் கண்ணால் கண்டவர்கள். பள்ளிக்கூடம் பிப்ரவரியில் பிள்ளைகளை ஸ்கீலாகர் என்னும் பனிச்சறுக்கு முகாமுக்குக் கூட்டிப்போகும்போது அவர்கள் கேட்கும் கேள்வி இது: “நீலத்திலதானே விடுவினம்?” நீலம் என்றால் பயமில்லை என்று நிறத்தை ஆபத்தின் அளவாக வாசிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, உள்ளூர்க்காரர்களில் பாதிப்பேர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். அந்த நாட்டுச் சறுக்குப் பள்ளிகளோ நிறத்தைப் பிள்ளைகளுக்கே கொடுக்கின்றன. நீல இளவரசன், நீல அரசன், நீல நட்சத்திரம் என்று படிப்படியாக ஏறி சிவப்புக்கும், பிறகு கறுப்புக்கும் போக வேண்டும். பயிற்சியாளர் முதலில் பிள்ளையைப் பார்க்கிறார், தடத்தை அதற்குப் பிறகு. இந்த வாசிப்புத் தவற்றுக்குக் கணினி முத்திரையும் குத்திக் கொடுத்தால் என்ன ஆகும்? மலையோரமாக வெட்டிய ஒடுங்கிய பாதை ஒன்று இருக்கிறது, சாய்வு ஆறு சதவீதம், ஒரு பக்கம் அதலபாதாளம். கணினி அதற்குப் பச்சை கொடுக்கும்.

2003 பிப்ரவரி 1 அன்று கனடாவில், ரோஜர்ஸ் கணவாய்க்கு அருகே கானாட் கிரீக் பள்ளத்தாக்கில், பள்ளி மாணவர்கள் பதினான்கு பேரும் பெரியவர்கள் மூவரும் சறுக்குப் பலகையில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன இடம் செங்குத்து அல்ல, பள்ளத்தாக்கின் அடிவாரம். சறுக்கும் திறமையை வைத்துப் பார்த்தால் எளிய வழி. அவர்கள் தலைக்கு மேலே வெகு உயரத்தில், கீயோப்ஸ் மலையின் முகத்திலிருந்து பெயர்ந்த பனிச்சரிவு அவர்கள்மேல் வந்து விழுந்தது. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். கால் வைத்த இடத்தின் கோணத்தை மட்டும் தீட்டும் வரைபடம் அந்த வழியைப் பச்சையாகத்தான் காட்டியிருக்கும்.

கனடாவின் பூங்காத் துறை அதற்குப் பிறகு சறுக்குத் திறனுக்கான அளவுகோலைத் திருத்திக்கொண்டிருக்கவில்லை. ஆபத்துக்கென்றே தனியாக ஒன்றை உண்டாக்கி 2004இல் வெளியிட்டது. ஒரு வழியில் போகிறவர் பனிச்சரிவுக்கு எவ்வளவு தூரம் ஆட்படுகிறார் என்பதை எளிது, சவாலானது, சிக்கலானது என்று மூன்றாகப் பிரித்தது. அதற்கு அப்போது கேட்கப்பட்ட அம்சங்கள் பதினொன்று. காடு அடர்த்தியாக இருக்கிறதா, மேலேயிருந்து பனி எத்தனை வழிகளில் இறங்கிவரும், எவ்வளவு அடிக்கடி, வந்தால் புதைத்துவிடும் குழியோ ஓடைப் பள்ளமோ இருக்கிறதா, ஒதுங்கிப் போக வேறு வழி உண்டா, எவ்வளவு நேரம் அந்த வழியில் நிற்க நேரும்... கோணம் அந்தப் பதினொன்றில் ஒன்று. இப்போது இந்த வரைபடங்களையும் கணினி வரையத் தொடங்கிவிட்டது, அதற்கு நான் எதிரியல்ல. ஏனென்றால் அந்தக் கணினிக்கு மேலேயிருந்து வருவதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குள்ள ஒரே வருத்தம், அவர்களும் பச்சை, நீலம், கறுப்பு என்று சறுக்குத் தடங்களின் நிறங்களையே எடுத்துக்கொண்டது. அந்த ஓர் இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நம் நாட்டு குல்மார்கை நினைத்துப் பாருங்கள். கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஆட்களை அஃபர்வத் மலையில் 3900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து பிரியும் சரிவுகளில் பெரும்பகுதி சமப்படுத்தாத, கம்பு நடாத வெறும் மலை. 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவர் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள். அந்த மலைக்கும் செயலியில் நீலமும் சிவப்பும் தீட்டிவிட்டால், நிறம் இருக்கிறது, அப்படியானால் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்றே வருகிறவர் நினைப்பார். யாரும் பார்க்காத இடத்துக்கு நிறம் கொடுக்காமல் விடுவதே நேர்மை.

வரைபடம் என்றால் மலையின் நகல் என்று நினைப்பதிலிருந்துதான் இந்தக் கோளாறு எல்லாம் பிறக்கிறது. அமெரிக்க மலைகளின் தடப் படங்களை நூற்றுக்கணக்கில் கையாலேயே தீட்டிய ஜேம்ஸ் நீஹூஸ், விமானத்தில் மலையைச் சுற்றிப் படம் எடுத்து வந்து, பின்பக்கத்து முகடுகளை முன்பக்கம் திருப்பி வைத்து வரைவார். மரங்களின் நிழல் விழும் பக்கம்கூட, சறுக்குகிறவருக்கு வழி தெரிய வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தது. கோணம் பார்த்தால் அந்தப் படம் முழுக்கப் பொய். அதைக் கையில் வைத்துக்கொண்டு வழிதவறாமல் திரும்பியவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தடங்களைப் பதியும் தன்னார்வலர்களும் இந்த விவேகத்தைக் காட்டியிருக்கிறார்கள். நிறத்தைப் பதியாமல் தொடக்கநிலை, எளிது, நடுத்தரம், முதிர்நிலை என்று நிலையைப் பதிந்து, எந்த நாட்டில் அது எந்த நிறமாகத் தெரிய வேண்டும் என்பதைப் படம் வரையும் இடத்தில் முடிவு செய்கிறார்கள். நிலையையும் மலையில் நட்டிருக்கும் பலகையிலிருந்தே எடுக்கிறார்கள். இதை மாற்றிக் கோணக் கணக்கைப் போட வேண்டும் என்பவர்கள் ஒரு மூடுபனி நாளை யோசிக்கட்டும். மேலும் கீழும் வெள்ளை, தன் கால் தனக்கே தெரியவில்லை. பிரான்சாக இருந்தால் தடத்தின் ஓரக் கம்பு ஒன்று தட்டுப்படும். தலையில் ஆரஞ்சுப் பட்டை இருந்தால் அது வலப்பக்கம். உடலில் தடத்தின் நிறமும் ஓர் எண்ணும் இருக்கும், கீழே இறங்க இறங்க எண் குறைந்துகொண்டே வரும். அந்த எண்ணைச் சொல்லித்தான் மீட்புக்குழுவைக் கூப்பிட வேண்டும். கம்பு சிவப்பு என்கிறது, கைப்பேசி நீலம் என்கிறது. அந்த நிமிடத்தில் சறுக்குகிறவர் இன்னும் நீலத்தடத்தைத் தேடிக்கொண்டு கம்பை விட்டு விலகினால், அந்தச் செயலியை எழுதியவர் வந்து தேடப்போவதில்லை.

கடைசியாக ஒரு கேள்வியை வைப்பார்கள்: அப்படியானால் ஊர் தெரியாமல் முதல்நாள் வந்து இறங்குகிறவர் என்ன செய்வார்? காலங்காலமாகச் செய்வதையே செய்வார். தன் ஊரில் சிவப்பில் இறங்குபவர் இங்கே முதல் இறக்கத்தை நீலத்தில் வைத்துக்கொள்வார். கீழே வந்ததும் லிஃப்ட் வாசலில் டிக்கெட் பார்க்கும் ஆளிடம், இந்தச் சிவப்பில் இன்றைக்குப் பனி எப்படி என்று கேட்பார். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு, பதினொரு மணிக்கு மேல் போங்கள் என்பார்.